சப்பாத்துக்குள் வந்த தண்ணீர் அறிவித்தல்

காதல் கடிதம் எழுதியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். எழுதி மாட்டுப்பட்டவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் தான் எழுதிய காதல் கடிதத்தைத் தன் அப்பாவுக்கே, செபமாலைக்கு வந்த இருபத்தைந்து பேருக்கு முன்னால், சத்தமாக வாசித்துக்காட்டியவள் எனக்குத் தெரிய நான் ஒருத்திதான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு துறையில் போட்டியே இல்லாமல் முதலாவதாக நிற்பது என்றால் சும்மாவா?

நடந்தது 1996ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில். எனக்கு அப்போது பதினைந்து வயது. கூச்சம் என்றால் அப்படியொரு கூச்சம். பஸ்ஸில் என் காலை மிதித்தவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்பேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை உயர்த்துவேனே தவிர வாயைத் திறக்கமாட்டேன். ஒரு வாத்தியார் நான் வாய் பேசாத பிள்ளை என்று நினைத்து அரை வருடம் மிகவும் அன்பாக நடத்தினார். (அந்த அன்பைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை.)

இப்படிப்பட்ட எனக்குத்தான் எங்கள் ஆட்கள் மத்தியில் ஒரு பெரிய உத்தியோகம் இருந்தது. கடிதம் வாசிக்கிற உத்தியோகம். மன்னாரிலிருந்து வந்த எங்கள் பெரியவர்கள், வீட்டு வேலை செய்யப் போதுமான இத்தாலியன் பேசுவார்கள். எழுத்து என்றால் தலையைச் சொறிவார்கள். அப்பாவுக்குக் கிழமை நாட்கள் வாசிக்கத் தெரியும், ஏனென்றால் எந்த நாள் எந்த வீட்டில் வேலை என்று வேலை கொடுக்கும் வீட்டு அம்மாமார், அதாவது சிஞ்ஞோராமார், துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். தண்ணீர், உப்பு, சவர்க்காரம் தெரியும். இலக்கங்கள் தெரியும். மற்றதெல்லாம் நான். பெர்மெசோ என்கிற வதிவிடப் பத்திரத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, எல்லாம் பூசையோ செபமாலையோ முடிந்ததும் என் மடியில் வந்து விழும். நான் தலையைக் குனிந்துகொண்டு, கடகடவென்று தமிழாக்கிச் சத்தமாக வாசிப்பேன். அந்த ஒரு வேலையில் மட்டும் எனக்குக் கூச்சம் வராது. கதைக்கிறது நானில்லையே, கடிதம்தானே.

வாசித்து முடிந்ததும் எங்கள் வீட்டுக் கடிதங்களை அப்பா வாங்கி ஒரு பச்சை நிற ஃபைலுக்குள் வைப்பார். இத்தாலியனில் எழுதிய எந்தத் தாளையும் அப்பா எறிந்ததில்லை. ஒரு தையல் மெஷின் விளம்பரம் எங்கள் ஞானஸ்நானப் பத்திரங்களுக்கு நடுவில் வருடக்கணக்காக இருந்தது. என்றைக்காவது கெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் அதைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பது அப்பாவின் வாதம்.

அந்தக் கோடையில் என்னைக் கெடுத்தது அம்மாவின் சிஞ்ஞோரா. கெட்ட எண்ணத்தோடு அல்ல. தன் மகள் போட்டுக் கழித்த உடுப்புகளை ஒரு பையில் கட்டிக் கொடுக்கும்போது, மகள் வாசித்துக் கழித்த ஜப்பான் படக்கதைகளையும் சேர்த்துப் போட்டுவிட்டார். மங்கா. பதினெட்டுப் புத்தகம். எல்லாம் ஒரே கதை: பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு கூச்சக்காரப் பெண், கோடை விடுமுறை, நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு பையன். அவள் வாயே திறக்கமாட்டாள். பதினெட்டுப் புத்தகமும் அவள் வாய் திறக்காமலேதான் போகிறது. ஆனால் அவளுக்கு எல்லாம் நடக்கிறது. வாணவேடிக்கை நடக்கிறது, கடற்கரை நடக்கிறது, மழையில் ஒரே குடைக்குள் நிற்பது நடக்கிறது. எப்படித் தெரியுமா? ஒரு கடிதத்தால். பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொருவருக்கும் சப்பாத்து வைக்கப் பெயர் எழுதிய ஒரு சின்னப் பெட்டி. இவள் பையனின் பெட்டிக்குள், அவனுடைய சப்பாத்துக்கு மேல், ஒரு றோஸ் நிற உறையை வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். அவ்வளவுதான். பேசவே தேவையில்லை.

நான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்காகவே யாரோ கண்டுபிடித்த வழி.

பையன் ஏற்கெனவே இருந்தான். பெயர் ஜூட். பதினேழு வயது. பிரான்காச்சோவிலிருந்து பஸ் எடுத்துக் கோயில் பாடற்குழுவுக்கு வருவான். நல்ல குரல், அதைவிட நல்ல தலைமயிர். இரண்டு வருடமாக அவனுக்கு முன் வரிசையில் நின்று பாடியிருக்கிறேன். (பாடினேன் என்பது சும்மா. வாயை அசைத்தேன்.) அவன் ஒருநாள், “கொஞ்சம் தள்ளி நில்லும்” என்று சொன்னான். அதை நான் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டில்லை, பயம் இருந்தது. அந்த ஆனி மாதம்தான் எங்கள் கோயில் பெண்ணொருத்தி கடற்கரையில் ஒரு பையனோடு நின்று ஐஸ்கிறீம் குடித்தாள் என்று எங்கள் கட்டடத்துப் புஸ்பம் அன்ரி கண்டு, கண்டதை ஒரு ஆளுக்கு மட்டும் சொல்லி, அது மறுநாள் விடிவதற்குள் பலெர்மோ முழுக்கப் பரவியது. அந்தப் பெண்ணை மலைப்பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு, மிகவும் அமைதியாக, “உன்னைப் பற்றி ஒரு கதை என்ரை காதிலை விழுந்தால், கேள்வி இல்லை. பெட்டியைக் கட்டு” என்றார். எனக்கோ புரட்டாதி மாதம் நகரத்தில் மொழிகள் படிக்கிற உயர்பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பிந்தி வந்து ஒரு வகுப்புக் குறைத்துச் சேர்ந்து, இரவு பகலாகப் படித்து வாங்கிய இடம். விடுதிக்குப் போனால் அது போச்சு. இது தெரிந்தும் நான் கடிதம் எழுதினேன் என்றால், பதினெட்டுப் புத்தகங்களை ஒரே கோடையில் வாசிக்கிறவளுக்கு மூளை எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாட்டுப்படாமல் இருக்க மூன்று கெட்டித்தனம் செய்தேன். முதலாவது, கையால் எழுதினால் என் எழுத்தைப் புஸ்பம் அன்ரி கண்டுபிடிப்பார் என்று, சிஞ்ஞோரா தந்த பழைய தட்டச்சு மெஷினில் அடித்தேன். தமிழில் காதலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் இத்தாலியனில். இரண்டாவது, றோஸ் நிற உறை வாங்கக் கடைக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள் என்று, கரண்ட் பில் வந்த நீள உறையையே எடுத்தேன். கண்ணாடிச் சாளரம் வைத்தது. மூன்றாவது, கதையில் உறையை இதய வடிவ ஸ்டிக்கரால் ஒட்டியிருந்தது. என்னிடம் இருந்தது வாழைப்பழத்தில் ஒட்டி வந்த நீல வட்ட ஸ்டிக்கர். அதை ஒட்டினேன்.

இப்போது அந்தப் பொருளை நீங்கள் தூரத்தில் நின்று பாருங்கள். தட்டச்சில் அடித்த இத்தாலியன், சாளரம் வைத்த நீள உறை, நீல நிறத்தில் வட்ட முத்திரை. நான் காதல் கடிதம் எழுதவில்லை. ஒரு அரசாங்கமே எங்களுக்கு எழுதியதுபோல ஒன்றைச் செய்து வைத்திருந்தேன்.

உள்ளே எழுதியிருந்தது இவ்வளவுதான்: “உனக்கு என்னைத் தெரியாது.” (நன்றாகத் தெரியும். ஆனால் கதையில் அப்படித்தான் தொடங்கும்.) “உன் கண்கள் காலையில் கடல் தண்ணீர்போல இருக்கின்றன. தண்ணீர் இல்லாமல் மீன் இருக்குமா? வியாழக்கிழமை மாலை 5 மணிக்குக் கடற்கரையில் செரி மரத்தடியில் காத்திருப்பேன்.” பலெர்மோக் கடற்கரையில் செரி மரமே கிடையாது என்பது அடித்த பிறகுதான் நினைவு வந்தது. வெட்டிவிட்டு, குடை ராட்டினத்துக்குப் பக்கத்தில் என்று மாற்றினேன். பெயர் போடவில்லை. அந்த அளவுக்கு விவரமான பிள்ளை.

நாங்கள் இருந்தது பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகை. ஒரு காலத்தில் யாரோ பிரபுவின் வீடாம். எங்கள் காலத்தில் பிரபுவின் நடன மண்டபத்தை நாலாக மறித்து அதில் நாலு குடும்பம் இருந்தோம், கீழ் மாடிகளில் இன்னும் சிலர். ஊரில் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் கூரையில் இருக்கிற தாங்கியில் பிடித்து, கட்டடம் முழுவதும் அதைப் பாவிப்போம். இந்தத் தாங்கியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

ஆவணியில் மடுமாதா திருநாளுக்கு முன் ஒன்பது நாள் நவநாள். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் செபமாலை. முதல் நாள் செவ்வாய்க்கிழமை, எங்கள் கட்டடத்திலேயே முதலாம் மாடியில், புஸ்பம் அன்ரி வீட்டில். வெயில் இறங்காத பின்நேரம். மாடிப்படி முகப்பில் இருபத்தைந்து பேரின் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன. அதில் பாதி வுச்சீரியாச் சந்தையில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிச் செருப்பு. ஆனால் ஜூட்டின் வெள்ளைச் சப்பாத்து எனக்குத் தெரியும். குதிப் பக்கத்தை மிதித்து மடித்து வைத்திருப்பான். செபமாலையின் நாலாவது பத்து நடக்கும்போது தண்ணீர் குடிக்க எழும்புவதுபோல் எழும்பி, வெளியே வந்து, உறையை வலது சப்பாத்துக்குள் செருகிவிட்டு உள்ளே போய் முழங்காலில் நின்றேன். அருள் நிறைந்த மரியே என்று அன்றைக்குச் சொன்னதுபோல உருக்கமாக நான் என்றைக்கும் சொன்னதில்லை.

ஜப்பானில் ஒவ்வொருவர் சப்பாத்துக்கும் பெயர் எழுதிய பெட்டி இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் வாசலில் கிடக்கிற எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. கடைக்கு ஓட வேண்டுமென்றால் காலுக்கு முதலில் எட்டுகிறதைக் கொழுவிக்கொண்டு போவோம். பிறந்ததிலிருந்து நான் பார்த்து வருகிற வழக்கம் இது. நானே எத்தனை தரம் மற்றவர் செருப்போடு கடைக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் இது என் தலைக்குள் ஏறவில்லை. என் தலை ஜப்பானில் இருந்தது.

கடைசிப் பாட்டு நடக்கும்போது, சோடா காணாது, இரண்டு போத்தல் வாங்கி வரமுடியுமா என்று புஸ்பம் அன்ரி அப்பாவிடம் கேட்டார். பாட்டிலிருந்து தப்ப அப்பாவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். எழும்பிப் போனார். ஒரு நிமிடம் ஆகவில்லை, சோடா இல்லாமல் திரும்பி வந்தார். கையில் நீள உறை. காலில் ஜூட்டின் சப்பாத்து.

நான் முழங்காலில் நின்றபடியே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

அப்பா சபைக்கு விளக்கம் சொன்னார். வீட்டுக்காரரின் ஆள் வந்திருக்கிறான், செபத்தைக் குழப்பக்கூடாது என்று கதவைத் தட்டாமல் சப்பாத்துக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், மரியாதை தெரிந்த மனிதன். முத்திரை போட்ட கடிதம். எல்லாரும் எழும்பி நின்றார்கள். முத்திரை போட்ட கடிதம் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பயம். பெர்மெசோ, வாடகை, எழும்பச் சொல்லி அறிவித்தல், எதுவும் இருக்கலாம். அப்பா வாழைப்பழ ஸ்டிக்கரைக் கிழியாமல் கவனமாக உரித்து, தாளை விரித்து, எனக்கு முன்னால் நீட்டினார்.

“பிள்ளை, வாசி. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

பாட்டு நின்றிருந்தது. இருபத்தைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். ஜூட்டும் பார்த்தான். நான் எழுதிய கடிதம் என் கையில் இருந்தது.

வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்லலாம் என்று யோசித்தேன். சொன்னால் இது இத்தாலியன் வாசிக்கத் தெரிந்த ஜூட்டின் கைக்குப் போகும், அவன் உண்மையைச் சொல்வான், யார் அடித்தது என்று கேள்வி வரும், கட்டடத்தில் தட்டச்சு மெஷின் ஒன்றே ஒன்று. நினைத்ததைச் சொல்லித் தப்பலாம் என்றாலும் வழியில்லை, ஏனென்றால் அப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “இஞ்சை ஜொவெதி எண்டு கிடக்கு. வியாழன். அஞ்சு மணி. இதிலை ஆக்குவா, இதிலையும் ஆக்குவா. தண்ணியிலை என்ன பிரச்சினை?”

இப்படித்தான் வியாழன், ஐந்து மணி, தண்ணீர் என்று மூன்று சாமானைத் தந்து என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நான் கண்ணை மூடித் திறந்தேன். பிறகு வழக்கமான கடிதம் வாசிக்கிற குரல், எங்கிருந்தோ, தானாக வந்தது. “இக்கட்டடத்தில் வசிக்கும் அனைவருக்கும் அறியத் தருவது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி தொடக்கம் தண்ணீர் நிறுத்தப்படும். முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளவும்.”

சபை மூச்சு விட்டது. தண்ணீர்தானே. நானும் மூச்சு விடப் போனேன். அப்போதுதான் புஸ்பம் அன்ரி, இவ்வளவு நீள உறைக்குள் இவ்வளவுதானா இருக்கிறது, எதற்கும் ஜூட் தம்பியும் ஒருக்கால் பார்க்கட்டும் என்றார். தாளை என் கையிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தார்.

ஜூட் வாசித்தான். முதல் வரியில் ஒன்றுமில்லை. இரண்டாவது வரியில் காது சிவந்தது. மூன்றாவது வரியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இல்லாத அறிவித்தலை ஒருத்தி மூச்சு விடாமல் வாசித்திருக்கிறாள் என்றால் அதை எழுதினது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை. நிலத்தில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஓம், சரிதான்,” என்றான் ஜூட். “அஞ்சு மணிக்கு ஒருத்தரும் வெளியிலை போகாமல் வீட்டிலை நிக்கட்டாம்.”

அந்தக் கணத்தில் எனக்கு வந்த ஆறுதலை என்னால் சொல்ல முடியாது. பிறகு ஆண்டவர் எனக்கு எத்தனையோ நன்மைகள் தந்தாலும் அப்படியொரு ஆறுதலைத் திரும்பத் தரவில்லை. ஆனால் அன்றிரவு படுக்கையில் யோசித்தேன். ஒருத்தரும் வெளியில் போகாமல் என்று ஏன் சொன்னான்? நீயும் வராதே என்பதற்காகவா? அல்லது கடற்கரையில் எங்களைப் பார்க்க ஒருத்தரும் இருக்கக்கூடாது என்பதற்காகவா? புத்தகங்கள் பதினெட்டையும் புரட்டினேன். இதற்கு விடை அவற்றில் இல்லை.

வியாழக்கிழமை வந்தது. நான் வெளிக்கிடலாம் என்று பார்த்தால் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு நிற்கிறார். கடிதம் வாசித்தவள் என்ற முறையில் தண்ணீர் நிரப்பும் பொறுப்பு எனக்கு. வாளி, குடம், கறிச்சட்டி, தம்பியைக் குளிப்பாட்டுகிற பேசின், மாவரைக்கிற பாத்திரம், கடைசியில் வெற்றுச் சோடாப் போத்தல்கள். புஸ்பம் அன்ரி கீழ் மாடியில் இருந்த சிசிலிக் கிழவிக்கும் செய்தியைச் சொல்லியிருந்தார். கிழவி தன் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். கட்டடத்தின் ஒவ்வொரு குழாயும் மூன்று மணியிலிருந்து திறந்து ஓடியது. நாலரைக்கு நான் கடற்கரைக்கு வெளிக்கிட்டிருக்க வேண்டும். நாலரைக்கு நான் ஈரச் சட்டையோடு எட்டாவது வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

சரியாக ஐந்து மணிக்குத் தண்ணீர் நின்றது.

இத்தனை பேர் சேர்ந்து தாங்கியை வற்ற வைத்தால் நிற்காமல் என்ன செய்யும்? ஆனால் அப்பாவுக்கு இது தெரியாது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சொன்ன நேரத்துக்கு நிப்பாட்டிப் போட்டாங்கள். இதுதான் ஐரோப்பா,” என்றார். என் தலையைத் தடவினார். என் காதலன் அந்நேரம் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கிறானா இல்லையா என்று தெரியாமல் நான் நின்றேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். கார்மெலோ என்று பெயர், பெரிய வயிறு, பெரிய குரல். அன்றைய செபமாலை எங்கள் வீட்டில், ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார். நேற்று நிரம்பின தாங்கி இன்றைக்குக் காய்ந்து கிடக்கிறது, யார் செய்த வேலை, எல்லாரையும் எழுப்பி அனுப்பிவிடுவேன் என்று. அப்பா பதறவில்லை. ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு, உள்ளே போய், பச்சை ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் அப்போதுதான் உண்மையிலேயே செபித்தேன். சத்தியமாக, அந்த நவநாளில் அது ஒன்றுதான் என் உண்மையான செபம். வீட்டை விட்டு எழுப்பினாலும் பரவாயில்லை, கடிதத்தை மட்டும் வாசிக்காமல் இருக்கட்டும் தாயே என்றேன். கட்டடத்தில் இருந்த அத்தனை குடும்பங்களையும் விற்று என் மானத்தைக் காப்பாற்றத் தயாராக இருந்தேன்.

“உங்கடை அறிவித்தல்,” என்று அப்பா மிகவும் கௌரவமாக நீட்டினார்.

கார்மெலோ மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். உதடு அசைந்தது. முடித்துவிட்டு முதலிலிருந்து திரும்ப வாசித்தார். கத்திக்கொண்டிருந்த மனிதனின் முகம் மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. அப்பாவைப் பார்த்தார். வரிசையாக நின்ற வாளிகளைப் பார்த்தார். கடைசியில், அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். இதை இவர்களுக்கு வாசித்துச் சொன்னது நீயா என்று இத்தாலியனில், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார். தலையாட்டினேன். தண்ணீர் என்று சொன்னாயா? தலையாட்டினேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அவர் தாளை நாலாக மடித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஓம், என்னுடைய அறிவித்தல்தான். வியாழன், ஐந்து மணி. நான்தான் மறந்துபோனேன்,” என்றார். அப்பாவிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, இதைப் பத்திரமாக வைத்திருங்கள், இப்படிப்பட்ட கடிதம் மனிதனுக்கு அடிக்கடி வராது என்றார். படியிறங்கும்போது என் பக்கம் குனிந்து, அடுத்த முறை தபாலில் போடு பிள்ளை என்றார். அந்த மனிதன் மூன்று வருடம் எங்கள் கூரையைத் திருத்தித் தராதவர். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் அவருக்கு இன்றைக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

கார்மெலோ இறங்கிப் போக, ஜூட் ஏறி வந்தான். முகம் வெயிலில் வெந்திருந்தது. செபம் முடிந்து ஆட்கள் கடலை சாப்பிடும்போது எனக்குப் பக்கத்தில் வந்து, “நான் போனனான்,” என்று மெதுவாகச் சொன்னான். “ஒரு மணித்தியாலம் நிண்டனான்.”

பதினெட்டுப் புத்தகங்களும் இந்தக் கணத்துக்காகத்தான் நடக்கின்றன. பையன் வந்திருக்கிறான், காத்திருந்திருக்கிறான், இவள் நிமிர்ந்து பார்த்து ஒரு சொல் சொல்ல வேண்டும். நான் நிமிர்ந்தேன். வாயைத் திறந்தேன். வந்த சொல் இது: “எட்டு வாளி.”

அவன் கடலைத் தட்டை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் காதல் அதோடு சரி. அழ வேண்டும் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. இனி எதுவும் பேசத் தேவையில்லை. புரட்டாதியில் நான் உயர்பள்ளிக்குப் போனேன். அடுத்த வருடம் ஜூட்டின் குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. கன்னியாஸ்திரிகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. வியாழக்கிழமைகளில் ஐந்து மணிக்கு அப்பா வீட்டில் இருந்தால், தமிழ்ப் பேப்பரைத் தாழ்த்தி, “பிள்ளை, தண்ணி வருதோ?” என்று கேட்பார். நான் போய்க் குழாயைத் திறந்து பார்த்து, வருது அப்பா என்பேன். அன்றைக்கு நான் செய்த உதவியை இந்த மனிதன் மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமையாகவும் குற்ற உணர்ச்சியாகவும் இருக்கும். ஒன்பது வருடம் இப்படிக் கேட்டார். ஒன்பது வருடமும் நான் குழாயைத் திறந்து பார்த்தேன்.

பிறகு மிலானில் வளர்ந்த ஜெராட் என்பவரைக் கட்டப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். ஜெராட்டுக்குக் கடிதக் கதை முழுவதும் தெரியும், நானே சொல்லியிருந்தேன். முதன்முதலாக அவர் வீட்டுக்கு வந்த அன்று, அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அப்பா எழும்பிப் போய்ப் பச்சை ஃபைலைக் கொண்டுவந்தார். தையல் மெஷின் விளம்பரத்துக்குக் கீழிருந்து அந்தத் தாளை உறையோடு எடுத்தார். நீல ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது.

“தம்பிக்கு இத்தாலியன் நல்லாத் தெரியுமாம். இதிலை என்ன கிடக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்.”

ஜெராட் தாளை வாங்கி, ஆறுதலாக, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். என்னைப் பார்க்கவில்லை. “மாமா,” என்றார், “வியாழக்கிழமை அஞ்சு மணிக்குத் தண்ணி நிப்பாட்டுவினமாம்.”

அப்பா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணைத் துடைத்து, “பெடியன் பரவாயில்லை பிள்ளை,” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு தனியாகப் பிடித்துக் கேட்டேன். அந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமையே, இது ஒவ்வொரு வியாழனுமா அல்லது அந்த ஒரு வியாழனா என்று நிச்சயப்படுத்தத் தன் சிஞ்ஞோராவிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாராம். சிஞ்ஞோரா இரண்டு தரம் வாசித்து, லேசான சொற்களில் விளங்கப்படுத்தி, கொஞ்சம் அழுதாராம். வேறு தட்டச்சு மெஷின் யாரிடம் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து தாளைத் திரும்ப ஃபைலில் வைத்தாராம். அம்மாவுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னால் நீ பள்ளிக்கூடம் போயிருக்கமாட்டாய்,” என்றார். என் அப்பா. ஒன்பது வருடம் என்னைக் குழாய்க்கும் கதிரைக்கும் நடுவில் ஓடவிட்ட மனிதன். அன்றைக்கு நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன், இப்போது நினைத்தாலும் அழுகை வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் என்ன மறைத்தாலும், முகத்தைப் பார்த்ததும் என் தம்பி கேட்பது, தண்ணி வருதோ என்பதுதான். எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாவைத் தவிர. அம்மாவுக்கு அது இன்னும் கார்மெலோவின் அறிவித்தல்தான். இருபத்திநாலு மணி நேரமும் தண்ணீர் வருகிற வீட்டில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வியாழனும் நாலரைக்கு அம்மா இரண்டு வாளி நிரப்பி வைக்கிறார்.

போன கிழமை இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு மேசையில் வைத்திருந்தேன். அம்மாவுக்கு இப்போது கண் மங்கல், எதையும் வாசித்துக்காட்ட வேண்டும். தாள்களைத் தடவிப் பார்த்து, “இவ்வளவு எழுதியிருக்கிறாய், என்னெண்டு ஒருக்கா வாசி பிள்ளை,” என்றார். கட்டில் ஓரத்தில் அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். எனக்கு வயது நாற்பதுக்கு மேல், பதினைந்து வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். தாள்களைக் கையில் எடுத்தேன். கடிதம் வாசிக்கிற அந்தக் குரல், எங்கிருந்தோ, தானாக வந்தது.

“தண்ணியைப் பற்றி அம்மா,” என்றேன். “திரும்பவும் நிப்பாட்டப் போகினமாம்.”

அம்மா எழும்பி வாளி எடுக்கப் போனார்.